தலையணையில் ஒட்டாத பூச்சு

அன்புள்ள வாலுக்கு,

நலமா என்று கேட்கிற மனநிலையில் நான் இல்லை. நலமாக இரு, அவ்வளவுதான். போனில் பேசினால் நான் கத்திவிடுவேன், நீ அழுதுகொண்டே வைத்துவிடுவாய். அதனால்தான் மதியம் பார்லரில் ஆள் வராத நேரம் பார்த்து உட்கார்ந்து எழுதுகிறேன். முழுக்கப் படி. பாதியில் அம்மாவுக்குப் போன் போடாதே.

நீ அனுப்பிய மேக்கப் ட்ரையல் படங்கள் ஏழும் வந்தன. முதல் படத்தைத் திறந்ததுமே, என்னோடு முடி வெட்டுகிற பெண் எட்டிப் பார்த்து, "யாருக்கா இது, புது கஸ்டமரா?" என்று கேட்டாள். அவள் உன்னோடு ஒரே தட்டில் சாப்பிட்டவள். என் தங்கை என்றதும் பாவம், நாக்கைக் கடித்துக்கொண்டு போய்த் தரையைப் பெருக்க ஆரம்பித்துவிட்டாள்.

தொழில் பேச்சை முதலில் முடித்துவிடுகிறேன். உனக்கு ட்ரையல் போட்ட அந்த மேக்கப் அம்மா எந்தப் போனில் படம் எடுத்தார்? அது தானாகவே முகத்தை வழித்துத் துடைத்துக் காட்டுகிற போன். அதைப் பார்த்து உன் மாமியாராகப் போகிறவர், "இதே மாதிரி இருக்கட்டும், ஆல்பத்துல பளிச்னு தெரியும்" என்றாராம். கல்யாணத்தன்று போட்டோகிராபர் அந்தப் போனிலா எடுக்கப் போகிறார்? பெரிய ஃபிளாஷ் அடிப்பார். உன் நிறத்தைவிட மூன்று படி வெளுத்த பவுண்டேஷன், அதன்மேல் அந்த வெள்ளைப் பவுடர். ஃபிளாஷ் பட்டதும் முகம் மட்டும் சுண்ணாம்பு அடித்த சுவர் மாதிரி நிற்கும். கழுத்து ஒரு நிறம், கை ஒரு நிறம். ஜன்னல் வெளிச்சத்தில் ஒன்று, ஃபிளாஷ் போட்டு ஒன்று, அசல் நிறம் தெரிய கன்னத்தோடு வெள்ளைத்தாளைப் பிடித்து ஒன்று, எதிலும் ஃபில்டர் வேண்டாம் என்று படித்துப் படித்துச் சொன்னேன். ஒன்றுகூட எடுக்கவில்லை. கேட்டால் "அவங்க சங்கடப்படுவாங்கக்கா" என்று பதில். யார் யார் சங்கடப்படக் கூடாது என்று ஒரு பெரிய பட்டியலே வைத்திருக்கிறாய். அதில் உன் பெயர் மட்டும் இல்லை.

அம்மாவுக்கு முழங்கால் வலி இப்போது தேவலை. மாடிப்படி ஏறுகிறாள், என்னை அதிகாரமும் செய்கிறாள். படத்தைக் காட்டியதற்கு, "லட்சணமாத்தானே இருக்கா, நீ ஏன் குதிக்கிற?" என்றாள். பிறகு கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இன்னொரு தடவை பார்த்தாள். "மச்சம் எங்கடி?" என்று கேட்டாள். இடது கன்னத்தில் பாதியைப் பிடித்துக்கொண்டு பிறந்ததிலிருந்து இருக்கிற மச்சம், எங்கே போய்விடும்? அவள் போனை என் மடியில் வைத்துவிட்டு எழுந்து போய்விட்டாள்.

இதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொண்டிருப்பேன். படங்களுக்குக் கீழே ஒரு வரி எழுதியிருந்தாயே, அதைத்தான் பொறுக்க முடியவில்லை. "அக்கா, தூங்கினாலும் கலையாத, தலையணையில ஒட்டாத பவுண்டேஷன் எது? தினம் அவருக்கு முன்னாடி எந்திரிச்சுப் போட்டுக்க முடியுமான்னு பயமா இருக்கு" என்று.

பதினாறு வருஷமாக இந்தத் தொழிலில் இருக்கிறேன். வியர்வையில் கரையாதது கேட்டிருக்கிறார்கள், அழுதாலும் வழியாத மை கேட்டிருக்கிறார்கள். இப்படி ஒன்றை யாரும் கேட்டதில்லை. அப்படியானால் மச்சம் இருப்பதே மாப்பிள்ளைக்குத் தெரியாது. போன மாதம் "சொல்லிட்டேன்கா, அவர் ஒண்ணும் நினைக்கல" என்று என்னிடம் சொன்னது பச்சைப் பொய். நான்கு முறை சந்தித்திருக்கிறீர்கள், அந்த மனிதர் இன்னும் உன் முகத்தைப் பார்க்கவில்லை. ஆயுசு முழுக்க விடிவதற்கு முன்னால் எழுந்து குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு நிற்கப் போகிறாயா? காய்ச்சலில் படுத்தால் என்ன செய்வாய்? உனக்கு மூளை இருக்கிறதா?

எழுதி நிறுத்திவிட்டு ஒரு டம்ளர் தண்ணீர் குடித்து வந்தேன். உன்னைத் திட்ட எனக்கு என்ன யோக்கியதை? இதை ஆரம்பித்து வைத்தவளே நான்தான். பெண் பார்க்க அனுப்புகிற படத்துக்காக உன்னைப் பார்லரில் மூன்றாம் நாற்காலியில் உட்கார வைத்தேன். முதலில் மச்சத்தின் கருமையை அடக்க ஆரஞ்சுப் பூச்சு, அதன்மேல் அதை மறைக்கக் கன்சீலர், அதன்மேல் உன் நிறத்தில் பவுண்டேஷன். ஒன்றரை மணி நேரம். நீ கண்ணாடியைப் பார்த்துவிட்டு, "இது நான் இல்லையேக்கா" என்றாய். "போட்டோவுக்குத்தானே, நேர்ல பாத்தா தெரியத்தானே போகுது" என்றேன். என் கைவேலையைப் பார்த்து நானே சொக்கிப் போயிருந்தேன். நீ வேலை பார்க்கிற ஊருக்குத் திரும்பக் கிளம்பும்போது, மழைக்குக் குடை கொடுக்கிற மாதிரி, அந்த மூன்று டப்பாவையும் பையில் வைத்தவளும் நானே. ஐந்தாம் வகுப்பில் ஒருத்தி அந்த மச்சத்தைக் கேலி செய்ததற்கு அவளுடைய டிபன் டப்பாவை ஜன்னல் வழியாக வீசிவிட்டு வந்தவள் நீ. வாலு என்று பெயர் வந்ததே அன்றைக்குத்தான். அந்தப் பிள்ளையை நான் என்ன செய்துவிட்டேன்? நினைத்தால் என்னையே அறைந்துகொள்ளத் தோன்றுகிறது.

ஆகையால் கேள். இந்தக் கடிதம் கிடைத்த அன்றே எண்ணெய் தொட்டுத் துடைத்து, சோப்புப் போட்டு முகத்தைக் கழுவு. அப்படியே போய், வெளிச்சம் இருக்கும்போதே அவரைப் பார். மறைத்ததற்காக அவர் கோபப்பட்டால் அது நியாயம், மன்னிப்புக் கேள், என் நம்பரையும் கொடு, என்னைத் திட்டட்டும். மச்சத்துக்காக மட்டும் மன்னிப்புக் கேட்டாய் என்று என் காதில் விழக் கூடாது.

அவர் உன்னை வேண்டும் என்றால், கல்யாணத்துக்கு நானே மேக்கப் போடுகிறேன். உன் நிறத்திலேயே போடுவேன், மச்சம் ஆல்பத்தில் தெரியும். போட்டோகிராபரிடமும் உன் மாமியாரிடமும் நான் பேசிக்கொள்கிறேன். என் வாய் உனக்குத் தெரியும்.

இருபதாம் தேதி காலை நானும் அம்மாவும் வந்து இறங்குகிறோம். திரும்புவதற்கு இன்னும் டிக்கெட் எடுக்கவில்லை. எங்களுக்கு மட்டும் இரண்டா, உன்னையும் சேர்த்து மூன்றா என்று நீ சொல். எதுவானாலும் எனக்குச் சம்மதம்.

எந்த வீட்டில் இருந்தாலும், விடிந்த பிறகும் பயமில்லாமல் தூங்கு என் கண்ணே.

உன்மேல் பாதியும் தன்மேல் பாதியுமாகக் கோபத்தோடு,
அக்கா