பைப் துடைத்த துணி

என்னங்க,

நைட் டியூட்டிக்குக் கிளம்பிட்டேன். சாப்பாடு அடுப்பு மேல மூடியிருக்கு. நீங்க வர்ற வரைக்கும் பக்கத்து வீட்டு அக்கா அத்தைகூட இருப்பாங்க.

காலையில எதுக்குக் கத்தினேன்னு கேட்டீங்களே. ஊரார் புகை பிடிக்கிற பைப்பையெல்லாம் புதுசாக்குறவர் உங்கப்பாவோடதை மட்டும் விடுவீங்களா! பல் பட்ட தடம்கூட இல்லாம பளபளன்னு ஆக்கிட்டீங்க. மாமா போனதிலிருந்து அத்தை அதை மோந்து பார்த்துட்டுத்தான் தூங்குவாங்க. நேத்து ராத்திரி நீங்க தூங்கினப்புறம் மோந்துட்டு, "இது யாரோடது? அவரோடதைக் கொடு"ன்னு வீடெல்லாம் தேடினாங்க.

பி.கு: நேத்து நீங்க பைப்பைத் துடைச்சுக் குப்பையில போட்ட கறுத்த துணியை எடுத்து மேஜை மேல வச்சிருக்கேன். மாமா வாசனை அதுலதான் இருக்கு. துவைச்சிடாதீங்க. தூங்கப் போகும்போது அத்தை கையில கொடுங்க.

அதுக்கு முன்னாடி நீங்களும் ஒரு தடவை மோந்து பாருங்க.