போக வேண்டிய வீடுகள்

மார்ச் 4, செவ்வாய்

காவல் நிலைய மாடியில் எனக்கு ஒதுக்கிய மேசை, ஜெராக்ஸ் இயந்திரத்துக்கும் கழிப்பறைக் கதவுக்கும் நடுவில் இருக்கிறது. பல்கலைக்கழகமும் காவல்துறையும் இணைந்து நடத்தும் ஆய்வு என்று கீழே பலகை. பலகையில் எங்கள் துறைத்தலைவர் பெயர். அவன் என்னிடம் படித்தவன். அவனுடைய முனைவர் பட்ட ஆய்வேட்டில் பாதி என் சிவப்பு மை. கையெழுத்துப் போட அவன், நாற்றத்தில் உட்கார நான்.

வேலை எளிது. மனைவியை அடிப்பதாகப் புகார் வந்தால் போலீஸ் அந்த வீட்டுக்குப் போகும். ஒரு வாரம் கழித்து இரண்டாம் முறையும் போய்ப் பார்த்தால் அடி குறைகிறதா? அதுதான் கேள்வி. இதுவரை எல்லா வீட்டுக்கும் இரண்டாம் முறை போனார்கள். இப்போது ஒட்டிய உறைகள் இருநூறு. புகாருக்கு ஒன்றாக வரிசைப்படி பிரிக்க வேண்டும். உள்ளே ‘போகவும்’ அல்லது ‘போக வேண்டாம்’. சீட்டு தீர்மானிக்கும், மனிதர் இல்லை. ஒரு மாதம் கழித்து இரு பக்கத்தையும் ஒப்பிடுவோம். எண்பத்து நான்கு உறைகள் ஆகிவிட்டன.

இன்ஸ்பெக்டர் மாடிப்படியில் கேட்டார்: “என்ன சார், இன்னைக்கு யாருக்குப் பரிசு விழுந்திருக்கு?” தினமும் இதே நகைச்சுவை. தினமும் அவரே சிரிக்கிறார்.

மார்ச் 12, புதன்

போலீஸ் முதல் முறை போன அன்று எழுதிய காயக் குறிப்புகளை எண்ணினேன். ‘போகவும்’ வந்த நாற்பத்தாறு வீடுகளில் முப்பத்தொன்றில் தையல் அல்லது எலும்பு முறிவு. ‘போக வேண்டாம்’ வந்த நாற்பத்தைந்தில் நான்கு.

மறுபடி எண்ணினேன். அதேதான்.

சீட்டுக்குக் கண் கிடையாது. இது கண் உள்ள யாரோ செய்த வேலை.

மார்ச் 13, வியாழன்

உறைப் பெட்டி இருப்பது தலைமைக் காவலரிடம். நிலையத்தில் எல்லோருக்கும் அவர் ஏட்டம்மா. கதவைச் சாத்திவிட்டுக் கேட்டேன். மறுக்கவே இல்லை.

“ஆமா சார். கை ஒடிஞ்சவளுக்கு வேண்டாம்னு வந்தா, வேற கவர்ல இருக்கற சீட்டை எடுத்து மாத்தி ஒட்டிடுவேன்.”

“வரிசைப்படின்னு எத்தனை தடவை சொன்னேன்?”

“சொன்னீங்க. மாடியில உக்காந்து சொன்னீங்க. வாசல்ல நின்னு அவ மூஞ்சியப் பாக்கறது நான்தானே.”

என்ன நெனச்சுட்டு இருக்கு இந்தம்மா? நல்லது பண்ணுதாம். ரெண்டு வருஷம் ஒவ்வொரு ஆபீஸ் வாசல்லயும் நின்னு வாங்கின அனுமதி — இப்படியா?

கோபம் அடங்கிய பிறகு விளக்கினேன். மோசமான வீடுகளையெல்லாம் ஒரே பக்கம் தள்ளியாயிற்று. அந்த வீடுகளில் போலீஸ் போனாலும் மறுபடி அடி விழும். கணக்கு என்ன சொல்லும்? இரண்டாம் முறை போவதால் பயனில்லை என்று சொல்லும். பயனில்லை என்றால் நிறுத்திவிடுவார்கள்.

ஏட்டம்மா நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார். “அப்ப நானே என் கையால நிறுத்தறேனா சார்?”

எண்ணிக்கைத் தாளை அவர் பக்கம் திருப்பி வைத்தேன்.

மார்ச் 20, வியாழன்

இடைக்கால முடிவுக் கூட்டம். பயந்தபடியே எண்கள். கமிஷனர் முகம் மலர்ந்தது. “வித்தியாசமே இல்லைன்னா எதுக்கு ரெண்டாவது தடவை? ஆளும் ஜீப்பும் மிச்சம்.”

வெளியே வந்ததும் துறைத்தலைவன் தோளில் கை போட்டான். “கட்டுரையில முதல் பேரு உங்களோடதுதான் சார்.” பதினோரு வருடமாக நான் காத்திருந்த வாக்கியம். எலிப்பொறியில் தேங்காய்த் துண்டு வைப்பார்கள்.

உண்மையைச் சொன்னால் ஏட்டம்மாவின் வேலை போகும். சொல்லாவிட்டால் ஒரு பொய்க்கு மேல் என் பெயர் இருக்கும், அந்தப் பெண்களின் கதவை யாரும் தட்ட மாட்டார்கள்.

வாய் திறக்காமல் வீட்டுக்கு வந்தேன்.

மார்ச் 28, வெள்ளி

பெட்டியை வாங்கி என் மேசையில் பூட்டிவிட்டேன். இனி ஏட்டம்மா வாசலிலிருந்து போன் செய்வார், நான் பிரித்துச் சொல்வேன். மீதி எண்பத்தெட்டையாவது ஒழுங்காக நடத்தினால், அதை மட்டும் வைத்து எழுதலாம். யாரையும் காட்டிக்கொடுக்க வேண்டாம். வழி இருக்கிறது.

ஏப்ரல் 2, புதன்

நூற்றுப் பதினேழாவது உறை.

“சார், ரெண்டு பல்லு போயிருக்கு. கீழ விழுந்துட்டேங்கறா. புருஷன் பக்கத்துலயே நிக்கறான், சிரிச்சுகிட்டு. என்ன வந்திருக்கு?”

பிரித்தேன். போக வேண்டாம்.

“சார், இருக்கீங்களா?”

“இருக்கேன்.”

“சொல்லுங்க.”

“போகணும்,” என்றேன்.

மூன்று வாரமாக மனதுக்குள் அந்த அம்மாவைத் திட்டித் தீர்த்தவன் நான். மூன்று நொடி தாங்கவில்லை.

ஏப்ரல் 3, வியாழன்

கடிதம் கொடுத்துவிட்டேன். மூன்றே வரி. சீட்டு வரிசை தொடக்கத்திலிருந்தே மீறப்பட்டுள்ளது. ஆகவே இடைக்கால முடிவு செல்லாது. மீறியது நான்.

கடைசி வரி ஒரே ஓர் உறைக்கு உண்மை. மற்றவற்றுக்குப் பொய். ஆராய்ச்சியில் நான் எழுதிய முதல் பொய்.

துறைத்தலைவன் போனில் கத்தினான்: “ஏன் சார் இப்படிப் பண்ணீங்க? உங்களுக்கு என்ன குறை வச்சேன்?” பட்டியல் இருக்கிறது, அனுப்பட்டுமா என்று கேட்க நினைத்தேன்.

மனைவியிடம் சொன்னேன். அடுப்பில் பாலை வைத்தாள். பிறகு, “சரி, சிடுசிடுன்னு இருக்க புதுசா ஒரு காரணம் கிடைச்சுது உங்களுக்கு,” என்று சொல்லிவிட்டுக் காபி கொண்டுவந்து வைத்தாள்.

ஜூன் 16, திங்கள்

விசாரணைக் குழுவின் முடிவு வந்தது. ஐந்து ஆண்டுகளுக்கு எந்த ஆய்விலும் என் பெயர் கூடாது. முதலாமாண்டு மாணவர்களுக்குப் புள்ளியியல், வாரத்தில் ஐந்து நாளும் காலை எட்டு மணி.

ஆய்வு செல்லாது என்பதால் பழைய உத்தரவே நிற்கிறது. எல்லா வீட்டுக்கும் இரண்டாம் முறை.

மதியம் ஏட்டம்மா போன் செய்தார். நன்றி என்று ஏதும் சொல்லவில்லை. நல்லவேளை. “இன்னைக்கு ஒன்பது வீடு சார். ஜீப் தரல, நடைதான்.”

பல் போன பெண்ணைப் பற்றிக் கேட்டேன்.

“ரெண்டாவது தடவை போனப்ப நல்லா பேசினா. போன வாரம் அந்தப் பக்கம் போனேன், வீடு பூட்டியிருக்கு. அவ மட்டும் பையோட எங்கயோ போயிட்டான்னு பக்கத்து வீட்டுல சொல்றாங்க.”

இவர்கள் போனதால் கிளம்பினாளா, போகாவிட்டாலும் கிளம்பியிருப்பாளா? தெரியாது. தெரிந்துகொள்ள இருந்த ஒரே வழியைக் கெடுத்தவர்கள் நாங்கள் இருவர்.

“அடுத்த வாரமும் ஒரு நடை போய்ப் பாருங்க,” என்றேன்.

“யாரு சொல்றா, சீட்டா?”

“நான்தான் சொல்றேன்.”