லேப்டாப்பின் நெற்றி

வியாழக்கிழமை, இரவு.

கோரிப்பாளையம் கடைக்கார அண்ணன் ரிவ்யூவுக்குக் கொடுத்த லேப்டாப்பை இன்று திருப்பிக் கொடுக்கப் போனேன். "மாப்ள, கேமரா மங்கல்னு வீடியோல சொல்லிட்ட. ரெண்டு பேரு ஆர்டர வேணாம்னுட்டாக" என்றார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. திரைக்கு மேலிருந்த கேமராவைக் கைக்குட்டையால் அழுத்தித் துடைத்தார். கேமராவைப் போட்டதும் திரையில் என் முகம் பளிச்சென்று தெரிந்தது. கைக்குட்டையை முகர்ந்து பார்த்துவிட்டு, "சந்தனம் மாப்ள" என்றார்.

வீடியோவுக்கு வீடியோ, முதலில் லென்ஸைத் துடையுங்கள் என்று ஊருக்கே சொல்கிறவன் நான்.

வீட்டுக்கு வந்து அம்மாவைக் கேட்டேன். "புதுச் சாமானுக்குப் பொட்டு வைக்காம இருப்பாகளா? நடு நெத்தியிலதானப்பா வச்சேன்" என்றாள். பொட்டு காய்ந்து உதிர்ந்திருக்கிறது. பூச்சு மட்டும் தங்கிவிட்டது.

தவறு என்னுடையது என்று சாயங்காலமே இன்னொரு வீடியோ போட்டேன். அம்மாவைப் பற்றி அதில் பேசவில்லை. அந்த இரண்டு பேர் பார்ப்பார்களோ என்னவோ.

அடுத்த ரிவ்யூவுக்கான புதுப் போன் மேஜையில் இருந்தது. "அப்ப இதுக்கு எங்கதான் வைக்க?" என்று அம்மா கேட்டாள். முகத்தில் வேண்டாம், பின்னால் வைத்துக்கொள் என்று சொல்லிவிட்டுப் படுக்க வந்தேன்.

இப்போதுதான் உறைத்தது. போனுக்கு முக்கியமான கேமராவெல்லாம் பின்னால்தான். எழுந்து போய்ப் பார்த்தேன்.

மூன்றுக்கும் தனித்தனியாக வைத்திருக்கிறாள்.