பார்த்தவர்கள் முப்பது பேர்

மார்ச் 3, காலை 9.40. இறக்கியவர்கள் 412.

அன்புள்ள அக்கா,

மேலே உள்ள எண்ணைப் பார்த்துச் சந்தோஷப்படாதே. 412 பேர் கைமாத்து ஆப்பைப் போனில் இறக்கியிருக்கிறார்கள். போன வாரம் திறந்தவர்கள் 41. அதில் 29 பேர் உன் கட்டடத்து ஆட்கள், உன்னைச் சேர்க்காமல். மற்றவர்கள் ஒரு தடவை எட்டிப் பார்த்துவிட்டுப் போய்விடுகிறார்கள். வீட்டுக்கு வீடு ஏணி எதற்கு, பக்கத்து வீட்டில் கேட்டு வாங்கிக்கொள்ளலாமே என்றுதான் இதைச் செய்தேன். யாருக்கும் வேண்டாமாம். மாதக் கடைசிக்குள் வாரம் இருநூறு பேராவது திரும்பி வராவிட்டால் கூட்டாளி வேலைக்குப் போய்விடுவான். தனியாக என்னால் இழுக்க முடியாது.

உன் கட்டடத்தில் மட்டும் ஏன் ஒட்டிக்கொண்டிருக்கிறார்கள்? என்ன செய்கிறாய்? சுருக்கமாக எழுது. பாப்பாவுக்கு முத்தம்.

தம்பி

மார்ச் 7

என் அவசரக்குடுக்கைக்கு,

போனில் பேசினால் பாதியில் பாய்கிறாய், அதனால்தான் எழுதுகிறேன். சுருக்கமாக வராது, பொறுத்துக்கொள்.

நான் ஒன்றும் செய்யவில்லை. உன் அத்தானைப் பிரிந்து, பாப்பாவோடு நாலாம் மாடிக்கு வந்த புதிதில் ஒருத்தரும் முகம் கொடுக்கவில்லை. கைமாத்தில் ஏணி கேட்டேன். கீழ்வீட்டில் இருக்கும், ஓய்வுபெற்ற பஸ் டிரைவர் கொண்டுவந்தார். "ஏணி குடுத்தவனுக்கு ஒரு டீ கூடக் கிடையாதாம்மா?" என்று அவரே கேட்டார். பாப்பாவுக்கு மூச்சு இழுத்தபோது இரண்டாம் மாடி டீச்சர் நெபுலைசர் கொடுத்தாள். அப்படியே எல்லாரும் பழக்கமாகிவிட்டார்கள். இப்போது பலர் ஆப்பைக்கூடத் திறப்பதில்லை, நேராகக் கதவைத் தட்டிவிடுகிறார்கள். உனக்குச் சந்தோஷம்தானே?

நேரத்துக்குச் சாப்பிடு.

அக்கா

மார்ச் 10

அக்கா,

சந்தோஷம் இல்லை. அதுதான் ஓட்டை. கதவைத் தட்டினால் என் கணக்கில் ஏறாது.

வழி கண்டுபிடித்துவிட்டேன். மூன்று நாள் திறக்காதவர்களுக்கு ஒரு செய்தி போகும்: "உங்கள் கட்டடத்தில் ஒருவருக்கு உங்கள் உதவி தேவை." யாருக்கு என்று கூட்டாளி கேட்டான். "யாருக்காவது ஏதாவது வேணும்தானேடா" என்றேன். சிரித்துவிட்டான். முதல் நாளே திறந்தவர்கள் மூன்று மடங்கு.

தம்பி

மார்ச் 14

டேய்,

எங்கள் லிஃப்ட் ஓடவில்லை. டிரைவருக்கு முட்டி வலி. உன் செய்தியைப் பார்த்துவிட்டு ஏணியைத் தோளில் போட்டுக்கொண்டு, "கூப்ட்டது நீங்களா?" என்று வீடு வீடாகக் கேட்டபடி ஏறியிருக்கிறார். எல்லாரும் உதட்டைப் பிதுக்கினார்கள். "பெருசுக்குப் பொழுது போகல போல" என்று மூன்றாம் மாடியில் ஒருத்தன் காதுபடவே சொன்னான். கடைசியில் என் வாசல். வேர்த்து விறுவிறுத்து நின்றவரைப் பார்த்ததும் "நான்தான் கூப்ட்டேன், பல்பு போயிடுச்சு" என்றேன். சுவிட்சை அணைத்துவிட்டேன். நன்றாக எரிகிற பல்பைக் கழற்றிவிட்டு வேறொன்றை மாட்டினார். இறங்கும்போது அவர் முகத்தைப் பார்க்கணுமே, அவ்வளவு திருப்தி.

இன்னொரு தடவை என்னைப் பொய் சொல்ல வைக்காதே. நிறுத்து.

அக்கா

மார்ச் 16

அக்கா,

மாதம் முடியட்டும், நிறுத்திவிடுகிறேன். இந்த வாரம் 168 பேர்! டிரைவரே தினமும் திறக்கிறார், தெரியுமா?

சின்ன மாற்றம் ஒன்று செய்திருக்கிறேன். மூன்று நாள் காத்திருக்காமல் செய்தி இனி எல்லாருக்கும் தினமும் போகும். "ஒருவருக்கு" என்பதைவிடப் பெயர் போட்டால் சட்டென்று திறக்கிறார்கள். கட்டடத்துக்குக் கட்டடம், எல்லாரும் நம்புகிற ஆளின் பெயரை ஆப்பே எடுத்துக்கொள்ளும். உன் கட்டடத்தில் அது நீதான். பெருமைப்படு.

தம்பி

மார்ச் 24

தம்பிக்கு,

ஞாயிறு மதியம் பாப்பாவுக்கு மறுபடி மூச்சு இழுத்தது. டீச்சர் ஊரில் இல்லை. பாப்பாவை மடியில் நிமிர்த்தி வைத்துக்கொண்டு ஒரு கையால் கைமாத்தில் எழுதினேன்: "நெபுலைசர் யார்கிட்டயாவது இருக்கா? அவசரம்." பார்த்தவர்கள் 29 என்று காட்டியது. அப்புறம் 30. முப்பதாவது யாரென்று தெரியவில்லை. படியில் ஒரு காலடிச் சத்தம் கேட்கவில்லை.

தூக்கிக்கொண்டு இறங்கினேன். டிரைவர் வீட்டுக் கதவு திறந்திருந்தது. போனைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நீலம் பாரித்திருந்த பாப்பாவின் உதட்டைப் பார்த்ததும் பதறி எழுந்தார்.

"நெஜமாவாம்மா?" என்றார். "தெனம் கூப்புடுறீங்க. ஏறி வந்தா கதவு பூட்டிக் கெடக்கு. இன்னிக்கும் அப்படித்தான்னு..."

ஆட்டோ பிடித்துக் கொடுத்தது அவர்தான்.

பாப்பா பிழைத்துவிட்டாள். கட்டடத்தில் இப்போது யாரும் என்னோடு பேசுவதில்லை. நீ செய்ததென்று நான் சொல்லவில்லை, சொன்னால் மட்டும் நம்புவார்களா? அவர்கள் பார்த்தது என் பெயரை. டிரைவர் என்னைக் கண்டால் குனிந்துகொள்கிறார். அதைத்தான் தாங்க முடியவில்லை.

மாதக் கடைசியில் வீடு மாறுகிறேன். எங்கே என்று கேட்காதே. எழுதாதே.

பாப்பாவின் அம்மா

ஏப்ரல் 2, மாலை 5.15. போன வாரம் திறந்தவர்கள் 9.

அக்கா,

உன் போன் அணைந்தே கிடக்கிறது. பழைய முகவரிக்குத்தான் இதைப் போடுகிறேன். உன் கைக்கு வராது என்று தெரியும்.

உன் கடிதம் வந்த அன்றே அந்தச் செய்தியை நிறுத்தினேன். 231 பேர் 9 பேர் ஆனார்கள். கூட்டாளி வேலைக்குப் போய்விட்டான்.

அந்த முப்பதாவது ஆள் நான். எல்லாக் கட்டடத்துக் கேள்விகளும் என் போனுக்கும் வரும். உன் பெயரைப் பார்த்ததும் ஆப் அனுப்பியதென்று நினைத்தேன். கீழே என்ன எழுதியிருந்தது என்று படிக்கவில்லை. "பாருடா, ஒரே நேரத்துல இருபத்தொம்பது பேரு!" என்று கூட்டாளிக்குக் காட்டினேன்.

இனிச் செய்யப்போவது:

1. உன் கட்டடத்தில் அத்தனை கதவுகளையும் தட்டி, கூப்பிட்டது அக்கா இல்லை, நான் என்று சொல்வேன். செய்தி அனுப்பினால் இனி யார் நம்புவார்கள்?

2. டிரைவரிடம் எல்லாவற்றையும் சொல்வேன். பல்பைப் பற்றி மட்டும் சொல்லமாட்டேன்.

3. உன் புது முகவரியை யாரிடமும் கேட்கமாட்டேன்.

4. நாளைக் காலை ஆப் ஓடுகிற சர்வரை அணைப்பேன். நெபுலைசர் கேட்டு நீ எழுதியது இன்னும் திறந்தே கிடக்கிறது. அதை மூட வேண்டுமானால் "கொண்டுபோய்க் கொடுத்தேன்" என்ற பொத்தானை யாராவது அழுத்த வேண்டும். நான் அழுத்தமாட்டேன். அப்படியே அணைப்பேன்.