பதினேழாம் மானின் குறிப்பு

ஜூன் 4

பழைய கோப்புப் பிரிவுக்கு

என் கணவர் காட்டு மான்களுக்குக் கழுத்துப் பட்டை கட்டி, அவை போன வழியையெல்லாம் கணினியில் பதிந்து வைத்த கோப்புகளை இத்துடன் அனுப்புகிறேன். ஆய்வு நிலையம் அவற்றைப் புதிய வடிவில் கேட்கிறது. இவ்வளவு பழையதைத் திறக்க உங்கள் நிறுவனத்தை விட்டால் ஆளில்லை என்றார்கள். அங்கே நீதான் உட்கார்ந்திருக்கிறாய் என்று தெரியும். வேறு யாராவது இருந்தால் அவரிடம் கொடுத்துவிடு.

பதினேழாம் மானைப் பற்றி ஒரு வார்த்தையும் எழுத வேண்டாம். எட்டு வருடம் பட்டது போதும்.

ஆய்வாளரின் மனைவி


ஜூன் 11

அன்புள்ள அக்காவுக்கு,

வேறு ஆள் இல்லை. இந்தப் பிரிவே ஒரு மேசை, மூன்று கிழட்டுக் கணினி, நான், அவ்வளவுதான். உன் கையெழுத்தைப் பார்த்துவிட்டு உறையைப் பிரிக்கவே மதியம் ஆகிவிட்டது.

நீ அனுப்பியது மூலக் கோப்பு இல்லை. விசாரணைக்காக நிலையத்தில் யாரோ அவசரமாக மாற்றி எடுத்த நகல். அத்தானின் பழைய கணினியில் உள்ள ஹார்ட் டிஸ்க் வேண்டும். உடைந்த குடையைக்கூடத் தூக்கிப் போடாதவள் நீ, அதையும் வைத்திருப்பாய்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

தம்பி


ஜூன் 20

ஹார்ட் டிஸ்க்கை அனுப்பியிருக்கிறேன். கழற்றிக் கொடுத்த கடைக்காரர், "உள்ள என்னம்மா, புதையலா?" என்று கேட்டார்.

எழுதாதே என்றதை நீ எழுதவில்லை. என்னால்தான் சும்மா இருக்க முடியவில்லை. மான் வளர்ந்தது, பட்டை வளரவில்லை, மூச்சு முட்டிச் செத்தது. ஆய்வை நிறுத்தினார்கள். ஒரே மாதத்தில் அவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தார். அப்புறம் நடந்த விசாரணையில் அவர் குறிப்பைப் படித்தார்கள்: "பட்டையை இறுக்கியது தம்பி." அவருக்கு உதவியாளாக இருந்த நீயோ எழுந்து நின்று, "அத்தான்தான் இறுக்கச் சொன்னாரு" என்றாய். செத்தவர் வந்து பதில் சொல்லவா முடியும்? அதுதான் எனக்கு ஆறவே இல்லை.


ஜூலை 2

அன்புள்ள அக்காவுக்கு,

கோப்பு திறந்துவிட்டது. அத்தானின் தமிழ் முதலில் கோழி கிறுக்கியது மாதிரி வந்தது. பழைய எழுத்துரு, சரிசெய்ய இரண்டு நாள் பிடித்தது. இருபத்திரண்டு மான்களும் வந்துவிட்டன. பதினேழாம் மானின் பாதை மட்டும் ஓடைக்கரையில் ஒரே புள்ளியாக நிற்கிறது. பார்த்துவிட்டு வெளியே போய் நின்றேன்.

நீ திட்டினாலும் இதை எழுதத்தான் வேண்டும். நகல் எடுத்த மென்பொருள், கமாவைக் கண்டால் அந்தக் கட்டம் முடிந்தது என்று எடுத்துக்கொள்ளும். மிச்சத்தை வைக்க இடம் இல்லாமல் வெட்டிவிட்டது. அத்தான் எழுதிய முழு வரி இது:

"பட்டையை இறுக்கியது தம்பி, ஒரு துளை தளர்த்திக் கட்டலாம் என்று அவன் சொன்னான், கழன்று விழும் என்று நான்தான் கேட்கவில்லை, தவறு என்னுடையது."

அவர் எதையும் மறைக்கவில்லை, அக்கா. நானும் பொய் சொல்லவில்லை. இத்தனை வருடத்தில் எனக்கே என்மேல் சந்தேகம் வந்திருந்தது.

இனி புதிய வடிவில் ஏற்றுமதி செய்ய வேண்டும். முழு வரி போனால் நிலையத்தில் எல்லோரும் அத்தானின் தவறைப் படிப்பார்கள். பாதியே போதும் என்றால் பாதியே போகட்டும். எனக்குப் பழகிவிட்டது. நீ சொல்கிறபடி செய்கிறேன்.

தம்பி


ஜூலை 9

அன்புள்ள தம்பிக்கு,

"அன்புள்ள தம்பிக்கு" என்று எழுதி ஒரு கமா போட்டேன். அதற்குமேல் வெகுநேரம் கை ஓடவில்லை.

அந்தக் கடைசி மாதம், சாப்பிட உட்காரும்போதெல்லாம் உன் அத்தான், "தம்பி மேல..." என்று ஆரம்பிப்பார். பட்டை கட்டியவன் நீ என்ற கோபத்தில், "அவன் பேச்சை எடுக்காதீங்க" என்று வாயை அடைத்துவிடுவேன். ஒருநாளாவது முழுசாகச் சொல்ல விட்டிருக்கலாம். அந்த மென்பொருளுக்காவது அறிவு கிடையாது. எனக்கு என்ன வந்தது?

முழு வரியையும் அனுப்பு. அவர் ஒப்புக்கொண்டதை அழிக்க நான் யார்?

ஹார்ட் டிஸ்க்கைத் தபாலில் போடாதே. நீயே கொண்டு வா. மணி அடித்துவிட்டுக் கொஞ்சம் நில். முட்டி வலி, வந்து திறக்க நேரமாகும். யாரும் இல்லை என்று திரும்பிப் போய்விடாதே.

அக்கா