முதல் ‘க்ளிக்’குக்குப் பிறகு ஊற்றிய பெட்ரோல்

என் பெயர் அருணாசலம். வாகனப் பரிசோதகன். மறைந்த நண்பனே, உன்மேல் நான் சுமத்திய ஒரு பழியைத் திரும்பப் பெறுவதே இம்மடலின் நோக்கம்.

இன்று காலை சிங்கப்பூரின் தெம்பனிஸில் உன் காரின் கதவைத் திறந்தேன். பெட்ரோல் வாடை. பத்தாண்டு உரிமம் முடிந்து நாளை வண்டி உடைப்புக்குப் போகிறது. உள்ளே கிடக்கும் உன் பொருள்களை எடுத்துத் தர உன் மனைவி மீனா அழைத்திருந்தார். மூக்கைப் பொத்திக்கொண்டு, “ஆளு போயி அஞ்சு மாசமாச்சுண்ணே. அவரு பேராச மட்டும் இன்னும் நாறுது பாருங்க,” என்றார். சிரிப்பாகத்தான் தொடங்கினார், சிரிப்பாக முடியவில்லை.

நான் உன் பொருள்களைப் பையில் அள்ளிப் போட்டேன்.

இரண்டு ஆண்டுகளுக்கு முன், என் தாயாரை எல்லை தாண்டி மலேசியாவின் ஜொகூரில் ஒரு கோயிலுக்கு அழைத்துச் செல்ல உன் காரை இரவல் வாங்கினேன். திரும்பும் வழியில், விலை மலிவென்று அங்கேயே பெட்ரோல் நிரப்பினேன். பம்பு ‘க்ளிக்’ என்று தானாக நின்றது. அதோடு விட்டிருக்க வேண்டும். சுற்றிலும் நம்மூர்க்காரர்கள் தத்தம் கார்களை உலுக்கி உலுக்கி ஊற்றிக்கொண்டிருந்தார்கள். ஊருக்கெல்லாம் விதி சொல்லும் நானும் உன் காரை ஆட்டி, கழுத்துவரை ஊற்றினேன்.

அடுத்த வாரமே வாடை, மீனாவுக்குத் தலைவலி. கார் நிறுத்துமிடத்தில் உங்கள் இருவருக்கும் நான் விளக்கினேன். டேங்கில் எழும் ஆவி காற்றில் கலக்காமல், கரி நிரப்பிய ஒரு டப்பாவுக்குள் போகிறது. கரி அதைப் பிடித்துவைக்கிறது. இன்ஜின் ஓடும்போது ஒரு வால்வு திறந்து, அந்த ஆவி உள்ளிழுக்கப்பட்டு எரிகிறது. அளவு மீறி ஊற்றினால் ஆவிக்கான வழியில் பெட்ரோலே புகுந்து கரியைக் கெடுத்துவிடும்; ஆவி வெளியே கசியும். “இவன் க்ளிக்குக்கு அப்புறமும் ஊத்தியிருக்கான்,” என்று தீர்ப்பும் சொன்னேன்.

“மலிவுன்னா காதுலகூட ஊத்திப்பாரு லா இந்த மனுசன்!” என்றார் மீனா.

நீ மறுக்கவில்லை. என்னை வழியனுப்ப மின்தூக்கிவரை வந்தபோதுதான் சொன்னாய்: “நீ வண்டியத் திருப்பிக் குடுத்தப்பவே பெட்ரோல் முள்ளு எஃப்பத் தாண்டி நின்னுச்சுடா. விடு, மீனாகிட்ட திட்ட நான் வாங்கிக்கிறேன். உனக்கு வேல முக்கியம் லா.”

விட்டேன். வண்டிக்கு ஆயுள் கொஞ்சம்தான் என்று டப்பாவை மாற்றாமல் தள்ளிப்போட்டாய். வாடைக்குப் பயந்து மீனா அதன்பின் அந்தக் காரில் ஏறவேயில்லை. பின்னர் நோய் கண்டபோது மருத்துவமனைக்கு நீ தனியாக ஓட்டிப் போவாய். அவர் ரயிலில் வந்து சேர்வார். நோயோடு நீ தனியே சென்ற அத்தனை பயணங்களுக்கும் காரணம் நான்.

இன்று மாலையே உன் வீட்டுக்குப் போகிறேன். ஊற்றியவன் நான், மறைத்தவன் நான், காத்தவன் நீ என்று மீனாவிடம் சொல்வேன். அதன்பின் அவர் என்னை ‘அண்ணே’ என்று அழைப்பாரா, தெரியாது. ஆயினும் சொல்வேன்.