கட்டாத தொட்டி

பிரிஸ்டல்
3 ஜூலை 2016

அன்புள்ள பெட்ராக்,

நலம்தானே? உன் வீட்டுக்காரி பெத்தின் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? போனில் கேட்கலாம் என்றால் நீ எடுப்பதில்லை. எடுத்தாலும் நான் இரண்டு வார்த்தை பேசுவதற்குள் வைத்துவிடுகிறாய். அதனால்தான் கடிதம். இதையாவது முழுதாகப் படி.

வாக்கெடுப்பில் உங்கள் பக்கம் ஜெயித்துவிட்டது. வாழ்த்துகள். மனதார வரவில்லை, ஆனாலும் சொல்லிவிட்டேன். ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு வெளியேறினால் நம் நாட்டு வியாபாரம் படுத்துவிடும் என்று இப்போதும்தான் சொல்கிறேன். முப்பது வருடம் கல்லூரியில் பொருளாதாரம் சொல்லிக்கொடுத்தவள், ஒரு நாள் வாக்குக்காக என் புத்தியை மாற்றிக்கொள்ள முடியாது.

என் மனத்தாங்கல் அதில் இல்லை. ட்ரெவெல்லன் ஊர்க்கூடத்தில் அக்காவும் தம்பியும் எதிரெதிராகப் பேசுகிறார்கள் என்று நோட்டீஸ் அடித்து விவாதம் வைத்தார்களே, அதில் நீ பேசியதுதான். "எங்க அக்கா பிரிஸ்டல்ல உக்காந்து கிராப் தாள்ல கோடு கிழிக்குது. ஒரு நாள் நம்ம ஓடைச் சேத்துல கால வெச்சிருக்குமா?" என்றாய். சரி, மேடைப் பேச்சு என்று நானும் சிரித்தேன். அதற்கப்புறம் சொன்னாயே, "கட்டின புருஷன் எப்பக் கெளம்புவான்னே கணக்குப் போடத் தெரியல, நாடு எங்க போகும்னு சொல்ல வந்துட்டாங்க" என்று. கூடமே மேசையைத் தட்டிச் சிரித்தது.

அவர் என்னை விட்டுப் போனபோது நீதான் படகை நிறுத்திவிட்டு வந்து, நான்கு நாள் என் வீட்டில் இருந்து சமைத்துப் போட்டாய். வேறு யார் அதைச் சொல்லியிருந்தாலும் துடைத்துப் போட்டிருப்பேன். உன் வாயிலிருந்து வந்ததைத்தான் தாங்க முடியவில்லை.

தப்புதான் என்று ஒரு வரி எழுது. அது போதும்.

அன்புடன்,
உன் அக்கா கெரன்சா


ட்ரெவெல்லன்
24 ஜூலை 2016

அன்புள்ள அக்கா,

கடிதம் கிடைத்தது. முழுதாகப் படித்தேன், அதுவும் இரண்டு தரம். பெத்தின் முழங்கால் தேவலை. உன் பக்கம் சேர்ந்துகொண்டு என்னைத் திட்டுகிற அளவுக்கு வாயும் தெம்பாக இருக்கிறது.

உன் காயத்தை எழுதிவிட்டாய். மேடை ஏறியதும் நீ முதலில் என்ன சொன்னாய் என்று ஞாபகம் இருக்கிறதா? "என் தம்பிக்கே புரியற மாதிரி சொல்றேன்" என்றாய். தம்பிக்கே. நான் பதினாறு வயதில் பள்ளியை விட்டவன் என்று ஊருக்கெல்லாம் தெரியும், நீ வேறு ஒலிபெருக்கியில் ஞாபகப்படுத்த வேண்டுமா? பதினெட்டு வருடமாக என் படகில் வேலை பார்க்கும் கோலன் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தான். அவன் தலையைக் குனிந்துகொண்டதை நான் பார்த்தேன். அந்தச் சூட்டில் வாயில் வந்ததைச் சொன்னேன்.

உனக்கு பிரஸ்ஸல்ஸில் உட்கார்ந்திருக்கும் ஒன்றியம் என்றால் மரியாதை. எனக்கு அது என் படகுக்கும் வலைக்கும் சாக்குக்கும் அளவு சொல்கிற பேர்வழி. நம் ஓடையை நாமே பார்த்துக்கொள்வோம் என்று நினைத்தது அப்படியென்ன குற்றம்?

வானம் இடிந்து விழும் என்று பயம் காட்டினாய். விழவில்லை. பவுண்டு விழுந்தது, அது எனக்கு நல்லதாகப் போயிற்று. என் சிப்பி ஹாலந்துக்காரனுக்கு மலிவாகிவிட்டது. வாரத்துக்கு ஒரு லாரி எடுத்துக்கொண்டிருந்த அந்த ஊர் வியாபாரி பாஸ்டியான் இப்போது இரண்டு கேட்கிறான். இன்னும் நாற்பது கயிறு இறக்கி சிப்பி வளர்க்கப் போகிறேன். உன் கோட்டில் இது எங்கே இருந்தது, காட்டேன்.

கோபத்தை வளர்க்காதே. டிசம்பரில் வழக்கம்போல ஒரு மூட்டை சிப்பி அனுப்புகிறேன்.

உன் தம்பி,
பெட்ராக்


பிரிஸ்டல்
15 டிசம்பர் 2019

அன்புள்ள பெட்ராக்,

சிப்பி மூட்டை பத்திரமாக வந்து சேர்ந்தது. பக்கத்து வீட்டுக்கும் கொடுத்தேன், உன்னைப் புகழ்ந்தார்கள். வழக்கம்போல உள்ளே ஒரு சீட்டு இல்லை. மூன்று வருடமாகச் சாக்கை உதறிப் பார்க்கிறேன்.

உங்கள் ஊர்ப் பத்திரிகையில் போன மாதம் நீ எழுதியதை எந்தப் புண்ணியவானோ வெட்டி எனக்கு அனுப்பியிருந்தார். "வானம் எங்கே விழுந்தது, பேராசிரியர் அம்மா?" என்று தலைப்பு. என் பெயர் போடவில்லை. போடாவிட்டால் யாருக்கும் தெரியாதா? நன்றாகத்தான் எழுதியிருக்கிறாய். வேறு யாரைப் பற்றியாவது இருந்திருந்தால் நானே பத்துப் பேருக்குப் படித்துக் காட்டியிருப்பேன்.

உன்னிடம் ஒரு விஷயம் சொல்ல வேண்டும் என்று இருந்தேன். அதைப் படித்தபின் விட்டுவிட்டேன். இருக்கட்டும்.

பெத்துக்கு என் அன்பு. கிறிஸ்துமஸ் வாழ்த்துகள்.

கெரன்சா


ட்ரெவெல்லன்
21 பிப்ரவரி 2021

அன்புள்ள அக்கா,

இதை எழுத மூன்று தாள் கிழித்தாயிற்று. சுற்றி வளைக்காமல் சொல்கிறேன். நாடு ஒன்றியத்தின் சந்தையை விட்டு முழுதாக வெளியே வந்த ஜனவரியிலிருந்து என் சிப்பி ஒன்றுகூட ஹாலந்துக்குப் போகவில்லை.

அரசாங்கக் கணக்கில் நம் ஓடைத் தண்ணீர் பி வகுப்பு. மோசமான தண்ணீர் இல்லை. ஆனால் அதில் வளர்ந்த சிப்பியை இரண்டு நாள் சுத்தமான தண்ணீர்த் தொட்டியில் போட்டு வைத்து, வயிற்றில் இருப்பதை அது கக்கிய பிறகுதான் தின்னக் கொடுக்கலாம். இத்தனை வருடமும் பாஸ்டியான் அங்கே தன் தொட்டியில் அதைச் செய்துகொண்டான். இப்போது நாம் வெளியாள். வெளியாள் சிப்பி எல்லைக்கு வரும்போதே சுத்தமாகி வர வேண்டுமாம். என்னிடம் தொட்டி கிடையாது.

எட்டு டன் கயிற்றிலேயே தொங்குகிறது. வளர்ந்து வளர்ந்து, கனம் தாங்காமல் தானாக உதிர்ந்து சேற்றில் விழுகிறது. இங்கேயே விற்கலாம் என்றால் நம்மவன் பொரித்த மீனையும் உருளைக்கிழங்கையும் தாண்டி வரமாட்டான். உணவகங்களும் தொற்றுக்காலத்தில் மூடிக்கிடக்கின்றன. தொட்டி கட்ட வங்கியில் கடன் கேட்டேன். வியாபாரம் நடந்தால் தருகிறோம் என்கிறார்கள். வியாபாரம் நடந்தால் நான் ஏன் அவர்கள் வாசலில் போய் நிற்கப் போகிறேன்? மார்ச் முடியும்வரை கோலனை வைத்துக்கொள்ள முடியும். அதற்குமேல் முடியாது. இப்படியே போனால் கோடைக்குள் மூடிவிட வேண்டியதுதான்.

யாருக்கு எழுத வேண்டும், எப்படி எழுத வேண்டும் என்று உனக்குத் தெரியும். எனக்காக எழுதிக் கொடு.

நீ அன்றைக்குக் கேட்ட வரி: தப்புதான். நான் உன் கணவரை மேடைக்கு இழுத்தது தப்பு. காரியம் ஆக வேண்டும் என்று இப்போது சொல்கிறான் என நினைப்பாய். நினைத்துக்கொள். ஆனாலும் தப்புதான்.

உன் தம்பி,
பெட்ராக்


பிரிஸ்டல்
2 மார்ச் 2021

அன்புள்ள தம்பி,

உன் கடிதத்தை நானும் இரண்டு தரம் படித்தேன். மனுக்கள் இரண்டு எழுதி இதோடு வைத்திருக்கிறேன். ஒன்று உங்கள் தொகுதி எம்.பி.க்கு, இன்னொன்று அமைச்சகத்துக்கு. கையெழுத்துப் போட்டு உடனே அனுப்பு. பலன் இருக்கும் என்று பொய் சொல்ல மாட்டேன். அந்த விதி உனக்காகப் புதிதாகப் போட்டதல்ல. வெளிநாட்டுச் சிப்பிக்கு என்று முன்பே இருந்ததுதான். நாம் உள்ளே இருந்தவரை அது நம்மைத் தொடவில்லை.

உனக்கு எப்படித் தெரியும் என்று கேட்பாய். அதைத்தான் எழுதக் கை வரவில்லை.

2019 நவம்பரில் என் பழைய மாணவி ஒருத்தி வீட்டுக்கு வந்திருந்தாள். உணவுச் சட்டங்கள் பார்க்கிற வேலையில் இருப்பவள். பேச்சுவாக்கில், "உங்க தம்பி சிப்பிதான வளக்கறார்? தொட்டி வெச்சிருக்காரா? இல்லன்னா வெளிய வந்தப்புறம் நல்லா மாட்டிக்குவார்" என்றாள். அன்றே உனக்கு நான்கு பக்கம் எழுதினேன். உறையில் போட்டுத் தபால்தலையும் ஒட்டிவிட்டேன். மறுநாள் காலை அந்தப் பத்திரிகைத் துண்டு வந்தது. படித்தேன். என் கடிதத்தை எடுத்து இழுப்பறையில் போட்டு மூடினேன். "பட்டுத் தெரிஞ்சுக்கட்டும்" என்று வாய்விட்டுச் சொன்னேன், சமையலறையில் தனியாக நின்றுகொண்டு.

பதின்மூன்று மாதம் இருந்தது, பெட்ராக். அப்போது உன் வியாபாரம் நன்றாக ஓடிக்கொண்டிருந்தது, வங்கிக்காரன் கூப்பிட்டுக் கொடுத்திருப்பான். ஒரு தொட்டிக்குப் பதின்மூன்று மாதம் தாராளம். மறந்துபோய்விட்டேன் என்று எழுத ஆசையாக இருக்கிறது. மறக்கவில்லை. டிசம்பரில் உன் சிப்பியை வேகவைக்கும்போதும் நினைத்தேன், அடுத்த டிசம்பரிலும் நினைத்தேன். நான் சொன்னதுதான் சரி என்று ஆக வேண்டியிருந்தது எனக்கு. உன் வயிற்றில் அடித்தாவது.

நீ மேடையில் பேசியது ஒரு நிமிடப் பேச்சு. நான் செய்தது அப்படியில்லை. நீ தப்பு என்று எழுதிவிட்டாய், எனக்கு அந்த வார்த்தை போதவில்லை.

ஏப்ரலில் பயணத் தடை நீங்கிவிடும் என்கிறார்கள். நான் வரட்டுமா? என் சேமிப்பில் கொஞ்சம் இருக்கிறது, தொட்டிக்கு ஆகும். கோலனை அதுவரை போகவிடாதே.

உன் அக்கா,
கெரன்சா


ட்ரெவெல்லன்
16 மே 2021

அன்புள்ள அக்கா,

பதில் எழுத இரண்டு மாதத்துக்கு மேல் ஆகிவிட்டது. கோபத்தில் இல்லை. நீ அப்படி நினைத்துக்கொண்டிருப்பாய் என்று பெத் தினமும் இடித்தாள். நீ எழுதிய மனுக்களுக்கு அச்சடித்த பதில் வந்தது. பரிசீலிக்கிறார்களாம்.

கோலன் போய்விட்டான். பிளிமத்தில் ஒரு சரக்குக் கிடங்கில் பெட்டி அடுக்கும் வேலை. கடைசி நாள் நாங்கள் இரண்டு பேருமாகக் கயிறுகளை உருவி, மிச்சமிருந்த சிப்பியை ஓடைக்கே தள்ளிவிட்டோம். அப்போது சொன்னான், "நான் அன்னிக்கே ஒன்றியத்துலயே இருக்கணும்னுதான் ஓட்டுப் போட்டேன், பெட்ராக். நீ மேடைல பேசினதப் பாத்தப்புறம் சொல்ல வாய் வரல." சொல்லியிருந்தால் கடித்தா தின்றிருப்பேன் என்று கேட்டேன். "திங்க மாட்ட. பப்ல வெச்சு ஒரு ஜோக் சொல்லுவ. அப்புறம் அது எனக்குப் பேராவே நின்னுடும்" என்றான். அந்த ஓட்டுக்கப்புறமும் ஐந்து வருடம் என் எதிரே உட்கார்ந்து தேநீர் குடித்தவன்.

உன் கடிதத்துக்கு வருகிறேன். உன் மேல் பழி இல்லை, அக்கா. உன் மாணவி உனக்குச் சொன்ன அதே நவம்பரில் பாஸ்டியான் இங்கே வந்திருந்தான். என் படகில் நின்றபடியே சொன்னான், "பெட்ராக், தொட்டி கட்டிடு. வெளயாட்டு இல்ல. பாதிச் செலவு நான் போடறேன்." நான் என்ன சொன்னேன் தெரியுமா? "நீயும் எங்க அக்கா மாதிரியே பேசறியே" என்றேன். அவன் சிரிக்கவில்லை.

அவன் சொல்வது உண்மை என்று அன்றே எனக்குத் தெரியும். இருபது வருடத்தில் அவன் என்னிடம் ஒரு பொய் சொன்னதில்லை. ஆனால் தொட்டியை எங்கே கட்டுவது? படகுத்துறையில்தான் இடம் இருக்கிறது. ஊர் முழுக்க அந்த வழியாகத்தான் பப்புக்குப் போகும். மண் தோண்ட ஆரம்பித்தால் நின்று கேட்பார்கள், "என்னய்யா பெட்ராக், இது எதுக்கு?" என்று. நான் என்ன சொல்வேன்? அக்கா சொன்னது சரியாகப் போய்விட்டது, அதற்காக என்றா? அந்த ஒரு கேள்விக்குப் பயந்து கட்டவில்லை.

அந்த வாரம்தான் உட்கார்ந்து பத்திரிகைக்கு எழுதினேன். பாஸ்டியான் சொன்னது காதை விட்டுப் போகவில்லை. அதைவிடச் சத்தமாக எதையாவது நான் சொல்ல வேண்டும் போல இருந்தது. அதைப் படித்துத்தான் நீ உன் கடிதத்தை உள்ளே போட்டாய் என்று இப்போது தெரிகிறது. தபாலில் சேர்த்திருந்தாலும் ஒன்றும் ஆகியிருக்காது. உன் நான்கு பக்கத்தையும் பப்புக்கு எடுத்துப் போய் உரக்கப் படித்திருப்பேன். எல்லாரும் மேசையைத் தட்டியிருப்பார்கள். ஆகவே நீ உன்னை வருத்திக்கொள்ளாதே. இதை ஆறுதலுக்காகச் சொல்லவில்லை, நடந்திருக்கக் கூடியதைச் சொல்கிறேன்.

உன் சேமிப்பு உன்னிடமே இருக்கட்டும். இனித் தொட்டி கட்டி என்ன ஆகும்? பாஸ்டியான் வேறு இடத்தில் வாங்க ஆரம்பித்துவிட்டான். அவனும் பிழைக்க வேண்டும். படகை வாங்க ஆட்கள் வந்து பார்த்துவிட்டுப் போயிருக்கிறார்கள்.

வரட்டுமா என்று கேட்டிருக்கிறாய். வேண்டாம், அக்கா. நீ வந்தால் ஒரு வார்த்தை சொல்ல மாட்டாய், எனக்குத் தெரியும். பெத்தோடு சேர்ந்து உருளைக்கிழங்கு உரிப்பாய், ஓடையைப் பார்க்காத மாதிரி ஜன்னலுக்கு முதுகைக் காட்டி உட்காருவாய், சாப்பாடு நன்றாக இருக்கிறது என்பாய். நீ திட்டினால் தாங்கிக்கொள்வேன். நீ அப்படி உட்கார்ந்திருப்பதை என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியாது.

நானாகக் கூப்பிடும்வரை வராதே. கூப்பிட வேண்டும் என்றுதான் இருக்கிறது. கூப்பிடுவேனா என்று தெரியவில்லை.

உன் தம்பி,
பெட்ராக்